சேன் லூயி டைரி: ரெண்டு பாலம், மூணு ஊர்

புதன், ராத்திரி

செனகல் தலைநகரம் டக்கார்ல இருக்குற நம்மாளுங்களுக்கு லீவு கெடச்சா கோரே தீவுக்கு ஒரு படகு, சாலி பீச்சுல ரெண்டு நாள், அவ்ளோதான். நான் வடக்க சேன் லூயி போறேன்னதும் ஆபீஸ்ல "அங்க என்ன இருக்கு, இடிஞ்ச வீடும் மீன் நாத்தமும்தான்"னு சிரிச்சாங்க. சாயங்காலம் வந்து எறங்கினேன், ரெண்டுமே இருக்கு, பொய் சொல்லல. ஆனா ஊர் பிடிச்சுப்போச்சு, அதனால நெட் கெடைக்குற வரைக்கும் தெனமும் ராத்திரி கொஞ்சம் எழுதிப் போடறேன்.

டக்கார்லேர்ந்து சுமார் 260 கிலோமீட்டர். பஸ் இருந்தாலும் நான் செத் பிளாஸ்ல வந்தேன். பழைய பெஜோ 504 வண்டி, டிரைவர் போக 7 பேர், ஏழாவது ஆள் வந்து உக்காந்தாத்தான் சாவியே திருப்புவார். அதுவரைக்கும் ஜன்னல் வழியா தண்ணி பாக்கெட், முந்திரி, போன் சார்ஜர், பல் குச்சி, ஒரு தடவ இஸ்திரிப் பெட்டிகூட விக்க வந்தாங்க. எனக்குக் கெடச்சது கடைசி வரிசை. தியெஸ், திவாவன், கெபெமெர், லூகான்னு ஊர் ஊரா போகுது ரோடு. திவாவன் திஜானியா சூஃபி வழிக்காரங்களுக்கு முக்கியமான ஊர், வண்டியில இருந்த பெரியவர் ரெண்டு கையையும் ஏந்தி துவா செஞ்சுட்டு மூஞ்சில தடவிக்கிட்டார், டிரைவரும் ஸ்டியரிங்க விட்டுட்டு அதையே செஞ்சார், எனக்குத்தான் வயித்தக் கலக்குச்சு. லூகா தாண்டினதும் ஆனைப்புளிய மரமெல்லாம் கொறஞ்சு வெறும் முள்ளு மரம், வெளுத்த மணல். ஜனவரில சகாரா பக்கமிருந்து அடிக்குற ஹர்மட்டான் காத்து வேற, மூக்குக்குள்ள எல்லாம் மாவு மாதிரி தூசி.

ஊரோட அமைப்ப மொதல்லயே சொல்லிடறேன், இல்லன்னா பின்னாடி கொழப்பம் வரும். செனகல் ஆறு கடல்ல சேர்றதுக்கு முன்னாடி நேரா போய் விழாம கரைய ஒட்டியே தெக்க திரும்பி ஓடுது. ஆத்துக்கும் கடலுக்கும் நடுவுல ஒல்லியா ஒரு மணல் திட்டு, பேரு லாங் தெ பார்பாரி. ஆத்துக்கு நடுவுல ரெண்டு கிலோமீட்டர் நீளத்துல ஒரு தீவு, அதுதான் பழைய சேன் லூயி, ஊர் பாஷை வொலோஃப்ல ந்தார். இந்தப் பக்கம் தரையில சோர்னு ஒரு பகுதி, இப்ப ஜனம் பாதிக்கு மேல அங்கதான். சோர்லேர்ந்து தீவுக்கு ஒரு பாலம், தீவுலேர்ந்து மணல் திட்டுக்கு இன்னொரு பாலம். டூரிஸ்ட் பெரும்பாலும் மொத பாலத்தோட நின்னுடறாங்க.

அந்த மொத பாலம் ஃபெதெர்ப் பாலம், 1897-ல தொறந்தது, அரை கிலோமீட்டர் நீளம், வளைவு வளைவா இரும்பு. வியன்னாவுல டான்யூப் ஆத்துக்குச் செஞ்சது வழி மாறி இங்க வந்துடுச்சுன்னு ஒரு கதை, ஈஃபெல் கட்டினதுன்னு இன்னொரு கதை. ரெண்டும் கப்சா, ஆனா குதிரை வண்டிக்காரர் ரெண்டையும் சேர்த்தே சொன்னார். ஒரு வளைவு மட்டும் பக்கவாட்டுல திரும்பி கப்பலுக்கு வழி விடும். 2008-லேர்ந்து 2011 வரைக்கும் பழைய இரும்பக் கழட்டிட்டு அதே வடிவத்துல புதுசா செஞ்சு மாட்டிருக்காங்க.

வியாழன்

இன்னிக்கு முழுக்க தீவுதான். நேர்க்கோட்டுல தெரு, ரெண்டு மாடி வீடு, காவி மஞ்சள் செவுரு, மரத்துல பால்கனி, பாண்டிச்சேரி வெள்ளைக்காரத் தெருவ யாரோ ஆத்துக்கு நடுவுல தூக்கி வச்ச மாதிரி இருக்கு. சும்மா பார்வைக்குத்தான் அப்படின்னு காலைல நெனச்சேன், மத்தியானத்துக்குள்ள விஷயம் வேற எடத்துக்குப் போயிடுச்சு, சொல்றேன்.

1659-ல ஃபிரெஞ்சுக்காரன் இங்க கோட்டை போட்டான். அப்புறம் இதுதான் செனகலுக்குத் தலைநகரம், 1895-ல ஃபிரெஞ்சு மேற்கு ஆப்பிரிக்கா முழுசுக்கும் தலைநகரம். 1902-ல அத டக்காருக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. பெரிய கப்பல் உள்ள வரணும்னா ஆத்து முகத்துல மணல் மேடு, டக்கார்ல நல்ல துறைமுகம், 1885-லயே ரெண்டு ஊருக்கும் ரயில் வேற போட்டாச்சு, அப்புறம் என்ன. செனகலோட மாகாணத் தலைநகரம்ங்குற பேரும் 1950-கள் கடைசில போச்சு. பக்கத்து மொரித்தானியாவ ஆண்டதும் இங்கேர்ந்துதான், தன் எல்லைக்கு வெளிய தலைநகரம் வச்சிருந்த விசித்திரமான காலனி அது. இப்ப மாவட்டத் தலைநகர், ஒரு பல்கலைக்கழகம், மீன், கொஞ்சம் டூரிஸ்ட், மே மாசம் ஜாஸ் திருவிழா.

கவர்னர் மாளிகை முன்னாடி இருக்குற மைதானத்துல ஃபெதெர்ப் சிலை இருந்துச்சு. 1854-லேர்ந்து கவர்னரா இருந்து ஆத்தங்கரை ராஜ்ஜியங்கள ஒண்ணொண்ணா அடிச்சுப் பிடிச்ச ஆளு அவன். பீடத்துல "நன்றியுள்ள செனகல்"னு எழுத்து வேற. அடி வாங்கினவன் நன்றி சொன்னானாம். 2017 செப்டம்பர்ல மழையில சிலை தானா கவுந்துடுச்சு, ஊர்ல பாதிப் பேருக்குக் கொண்டாட்டம், மறுபடி தூக்கி நிறுத்தினாங்க, 2020-ல மொத்தமா எடுத்துட்டாங்க. மைதானத்துக்குப் பேரும் இப்ப பாயா ந்தார். பசங்க பந்து விளையாடறாங்க, பீடம் இருந்த எடத்தக் கேட்டா கை காட்டிட்டு ஆட்டத்துக்குப் போயிடறாங்க.

இந்த மாளிகைக்கு இன்னொரு கதையும் உண்டு. 1895 செப்டம்பர் 5, முரீதியா சூஃபி வழிய ஆரம்பிச்ச ஷேக் அமது பம்பாவ விசாரணைக்குக் கூட்டிட்டு வந்து நிறுத்தினாங்க. அவர் கவர்னர் சபைக்குள்ளயே ரெண்டு ரக்கஅத் (தொழுகையில ஒரு சுத்துதான் ரக்கஅத்) தொழுதார்னு நம்பிக்கை. அப்புறம் காபோனுக்கு நாடு கடத்திட்டாங்க. வருஷா வருஷம் அதே தேதில ஆயிரக்கணக்குல ஜனம் இங்க வந்து அந்த ரெண்டு ரக்கஅத்தத் தொழுறாங்க. சிலை போன கதையவிட இது எனக்குப் பெருசாத் தெரிஞ்சுது, ஆனா கைடுங்க கையில இருக்குற பேப்பர்ல ஒரு வரிதான்.

இப்ப வீடுங்களுக்கு வர்றேன். சிப்பி சுட்ட சுண்ணாம்பு, செங்கல், மேல ஜனங்க இருக்க, கீழ வளைவு வளைவா பெரிய கதவு வச்ச கிடங்கு, நடுவுல முற்றம். கிடங்குல என்ன வச்சிருந்தாங்கன்னு கேட்டேன். கைடு பையன் அலட்டிக்காம "பிசினும் கினேயும்"னான். கினேன்னா நீலத் துணி. எங்கேர்ந்து வந்துச்சுன்னேன். "பாண்டிச்சேரி"ன்னான். எனக்கு ஒரு நிமிஷம் காது சரியா கேக்கலையோன்னு ஆயிடுச்சு.

விஷயம் இதுதான். ஆத்துக்கு வடகரையில பாலைவனத்து மூர் இனக்காரங்க கருவேல ஜாதி மரத்துலேர்ந்து பிசின் எடுப்பாங்க. ஐரோப்பாவுல துணில அச்சுப் போட அந்தப் பிசின் இல்லாம ஆகாது. பதிலுக்கு அவங்க காசு வாங்க மாட்டாங்க, துணிதான் கேப்பாங்க, அதுவும் அவுரி சாயத்துல முக்கி முக்கி கறுத்துப்போன நீலத் துணி. சோழமண்டலக் கரையில நெய்து, பாண்டிச்சேரில சாயம் போட்டு, கப்பல்ல ஃபிரான்சுக்குப் போய், அங்கேர்ந்து போர்தோ வியாபாரிங்க கையால இந்தத் தீவுக்கு வந்து, படகுல ஆத்துல மேல ஏறிப் போகும். ஒரு பீஸ் துணிதான் அங்க பணம், எல்லா விலையும் இத்தன பீஸ்னுதான் பேச்சு. 19-ஆம் நூற்றாண்டுல ஃபிரான்ஸ்ல மில்லுத் துணி போட்டு ஏமாத்திப் பாத்திருக்காங்க, வாங்குறவங்க துணியத் தொட்டுப் பாத்து, மோந்து பாத்து, இது பாண்டிச்சேரி இல்லன்னு தள்ளிடுவாங்களாம். அவுரி வாசனை, தட்டித் தட்டி ஏத்தின அந்தப் பளபளப்பு, உடம்புல ஒட்டுற நீலம், எல்லாம் பாத்துத்தான் சரக்கு கைமாறும். அப்புறம் ஃபிரெஞ்சுக்காரன் பாண்டிச்சேரிலயே மில்லு போட்டு அதே துணிய நெய்ய ஆரம்பிச்சதும் இந்தச் சந்தைக்காகத்தான். முதலியார்பேட்டை, உப்பளம் பக்கம் சாயம் காச்சின கை எதுக்கும் இந்த ஆத்தோட பேர்கூடத் தெரிஞ்சிருக்காது.

ரொம்பப் பெருமைப்படவும் வேணாம். அதே துணிய வச்சு ஆளையும் வாங்கினாங்க. 1848-ல அடிமை ஒழிப்பு வர்ற வரைக்கும் இந்தத் தீவு ஜனத்தொகையில பெரிய பங்கு அடிமைங்கதான், முற்றத்துல மாவு இடிச்சதும், ஆத்துல படகு இழுத்ததும், கொத்து வேலை செஞ்சதும் அவங்கதான். மேல பால்கனில பட்டு உடுத்தி நின்னவங்க சின்யார்னு சொல்ற கலப்பினப் பெண் வியாபாரிங்க, வெள்ளைக்காரன ஊர் முறைப்படி கட்டிக்கிட்டு, அவன் கப்பலேறிப் போனதும் சொத்தையும் யாவாரத்தையும் தானே நடத்தினவங்க. ஓவியத்துல எல்லாம் அழகா இருக்காங்க. அவங்க கிடங்குல பூட்டி இருந்தவங்கள யாரும் வரையல.

நெறைய வீடு இடிஞ்சு கெடக்கு. 2000-ல யுனெஸ்கோ பட்டியல்ல சேத்தாச்சு, அதனால இஷ்டத்துக்கு இடிச்சுக் கட்ட முடியாது, பழைய மாதிரியே கட்டக் காசு இல்ல, மேல பங்காளிச் சண்டை, ஒரு வீட்டுக்கு முப்பது வாரிசு, பாதிப் பேர் ஃபிரான்ஸ்ல. நல்லா வச்சிருக்குற வீட்டுக்கு உதாரணம் வேணும்னா 2017-ல தொறந்த போட்டோ மியூசியம், பழைய ஸ்டுடியோ படங்கள், தங்கமும் தலைப்பாகையுமா கேமராவ நேரா மொறைக்குற அம்மாங்க. ஒரு மணி நேரம் நின்னுட்டேன்.

வெள்ளி

ஜும்ஆ நாள், ஊரே கஞ்சி போட்ட பூபூவுல, அதாவது தொளதொள அங்கியில நடக்குது. தீவோட வடக்குல 1840-கள்ல கட்டின பெரிய பள்ளிவாசல், கோபுரத்துல மணிக்கூண்டு. ஆமா, பள்ளிவாசல்ல மணி. கட்டிக் குடுத்தது ஃபிரெஞ்சு நிர்வாகம், அப்ப வச்சது. தொழுகைக்குக் கூப்பிடறது பாங்குதான், மணி சும்மா நிக்குது. தெக்க 1828-ல கட்டின மாதாகோயில்.

மத்தியானம் தங்கியிருக்குற வீட்டம்மா சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாங்க. வெள்ளிக்கிழமை, அதுவும் சேன் லூயில, வேற என்ன, செபுஜென்தான். மீன் சோறு. பெந்தா ம்பாய்னு இந்த ஊர் சமையல்காரம்மாதான் இத ஆரம்பிச்சு வச்சாங்கன்னு ஊரே சொல்லுது, 2021-ல இதையும் யுனெஸ்கோ பட்டியல்ல சேத்துட்டாங்க. பத்து மணிக்கே அடுப்படில போய் நின்னுட்டேன், வெரட்டல.

பார்ஸ்லி, பூண்டு, மொளகா, வெங்காயத்தாள் எல்லாத்தையும் மர உரல்ல இடிச்சு விழுதாக்கி, தியோஃப் துண்டுல கத்தியால ஓட்டை போட்டு வெரலால உள்ள அடைக்கிறாங்க. தியோஃப்னா நம்ம களவா ஜாதி, வெலை ஏறிப்போனதால வீட்டுல இப்ப எப்பவாச்சும்தான், இன்னிக்கு எனக்காக. எண்ணெய கணக்கே இல்லாம ஊத்தி மீன வறுத்து எடுத்துட்டு, அதே எண்ணெய்ல தக்காளி விழுது கறுக்கப் போற அளவுக்கு வதக்கி, தண்ணி விட்டு, கோஸ், கேரட், மரவள்ளி, கத்திரி, கசப்பா இருக்குற ஜஹாத்து, எல்லாம் முழுசு முழுசா உள்ள. அப்புறம்தான் அசல் சமாச்சாரம், கெஜ்ங்குற கருவாடும், யெத்னு கடல் நத்தைய ஊற வச்சுக் காய வச்ச ஒண்ணும். யெத்தோட வாசனைய எழுத்துல சொல்ல முடியாது, தெருவுல மூணு வீடு தள்ளித் தெரியும். கடைசில புளி. காய வெளிய எடுத்துட்டு அந்தச் சாறுல அரிசி. அரிசின்னா முழு அரிசி இல்ல, நொய். முன்னாடியே ஆவில ஒரு தடவ வேக வச்சு வச்சிருந்தாங்க.

அந்த நொய் மூட்டைய அப்பத்தான் பாத்தேன், இந்தியாவுலேர்ந்து வந்தது. ஃபிரெஞ்சுக் காலத்துல இந்தோசீனாலேர்ந்து மலிவா நொய்ய கொண்டாந்து இங்க பழக்கினாங்க, நிலக்கடலை போட்ட நிலத்துல சிறுதானியம் கொறைய அரிசி உக்காந்துடுச்சு, இன்னிக்கும் செனகலுக்கு நொய்தான் வேணும், முழு அரிசி குடுத்தாலும் சாறு உறிஞ்சாதுன்னு தள்ளிடறாங்க. 2022 செப்டம்பர்ல இந்தியா நொய் ஏத்துமதிய நிறுத்தினப்ப இந்த வீட்டுல என்ன பண்ணீங்கன்னு கேட்டேன். "வெலை ஏறுச்சு, திட்டினோம், வாங்கினோம்"னு முடிச்சுட்டாங்க. நம்ம ஊர்ல அது பேப்பர்ல பத்தாம் பக்கச் செய்தி.

பெரிய தட்டு ஒண்ணு, பாய்ல சுத்தி ஒம்போது பேரு. நமக்கு முன்னாடி இருக்குற பங்குலதான் கை வைக்கணும், நடுவுல இருக்குற மீனையும் காயையும் வீட்டம்மா பிச்சுப் பிச்சு ஒவ்வொருத்தர் பக்கம் தள்ளுவாங்க, விருந்தாளி பக்கம் கொஞ்சம் ஜாஸ்தி. அடிப்பிடிச்ச சோத்த சொரண்டித் தனியா ஒரு கிண்ணத்துல வச்சு எலுமிச்சை பிழிஞ்சாங்க, அதுக்குச் சண்டையே நடந்துச்சு. சாப்பாடு அரை மணி நேரம், அதுக்கப்புறம் அத்தாயா டீ மூணு சுத்து ரெண்டு மணி நேரம், மொதல் சுத்து கசப்பு, போகப் போக இனிப்பு. வீட்டுப் பாட்டி நான் இந்தியான்னு தெரிஞ்சதும் பழைய இந்திப் பாட்டு ஒண்ண அர்த்தம் தெரியாம முழுசாப் பாடிக் காட்டினாங்க. எனக்கு அந்தப் பாட்டே தெரியாது, தலையாட்டி வச்சேன்.

சனி

ரெண்டாவது பாலத்தத் தாண்டினேன். மணல் திட்டு மேல இருக்குற மீனவக் குடியிருப்பு, கெத் ந்தார்.

தீவுல தெருவுக்கு நாலு பேர், இங்க கால் வைக்க எடம் இல்ல. மணல் திட்டு அகலமே முன்னூறு மீட்டர் இருக்குமா தெரியல, ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் அட்லாண்டிக், நடுவுல வீடு, ஆடு, வலை, பள்ளிக்கூடம், எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு. ஒரு வீட்டுல பல தலைமுறை, ராத்திரி எடமில்லாம முறை வச்சுத் தூங்குறதும் உண்டுன்னாங்க. ஆப்பிரிக்காவுலயே நெருக்கமான குடியிருப்புல ஒண்ணுன்னு சொல்றாங்க, நடந்து பாத்தா நம்பலாம்.

படகு வர்ற நேரம் போனேன். பிரோக்னு சொல்ற நீளமான மரப் படகு, சிலது இருபது மீட்டர், மூக்கு தூக்கி, பக்கமெல்லாம் வண்ணம், குடும்பப் பேரு, சூஃபி ஷேக் படம், கண்ணேறு படாம இருக்க தாயத்து, ஒண்ணுல பார்சிலோனா கொடி. அலைய எண்ணிக்கிட்டே கடல்ல நின்னு, சரியான அலை வந்ததும் எஞ்சின முறுக்கி மணல்ல ஏத்துறாங்க, ஒரு நொடி தப்பினா படகு கவுந்துடும். ஏறினதும் பசங்க தலையில பெட்டிய வச்சுக்கிட்டு லாரிக்கு ஓட்டம், சாளை மீன்தான் நெறைய, யாபோய்னு பேரு. வாங்கி, வெட்டி, உப்புப் போட்டு, புகை போட்டு, காய வச்சு, உள்நாட்டுக்கு அனுப்புறது முழுக்கப் பொம்பளைங்க கையில. ஆத்துப் பக்கம் போனீங்கன்னா பலகைப் பந்தல் பந்தலா கருவாடு. ஒரு அம்மாகிட்ட மீன் எப்படி இருக்குன்னு கேட்டேன். "மீனா? அது மொரித்தானியாவுக்குப் போயிடுச்சு"ன்னாங்க. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க, ஆனா அதான் நெலம. எல்லை பக்கத்துலயே, அங்க பிடிக்க லைசென்ஸ் வேணும், இங்க பெரிய டிராலர்ங்க வருஷக்கணக்கா வாரிட்டாங்க, அப்புறம் கரைக்கு நேர கடல்ல எரிவாயு மேடை கட்டி 2025-ல வாயு எடுக்க ஆரம்பிச்சாச்சு. கிட்டப் போகக் கூடாதுன்னு எல்லை போட்டிருக்காங்க, அந்த எல்லைக்குள்ள மாட்டினது தாத்தா காலத்துலேர்ந்து மீன் பிடிச்ச பாறைத் திட்டு. ராத்திரி மேடை வெளக்கு கரைலேர்ந்தே தெரியுது.

கடல் ஓரமா வீடுங்க பாதி பாதியா நிக்குது. படுக்கை அறை செவுரு இருக்கு, அதுல பச்சை பெயின்ட், ஒரு ஆணி, ஆணில மாட்டின எதுவோ, அதுக்கு அந்தப் பக்கம் அறை இல்ல, கடல். 2017, 2018-ல வந்த அலை வரிசையா வீடுகள வாரிட்டுப் போயிடுச்சு. 3000 பேருக்கு மேல கரைய விட்டு உள்ள ஜுகோப்னு ஒரு எடத்துக்கு மாத்திருக்காங்க, மொதல்ல கூடாரம், அப்புறம் வீடு. சுமார் பத்து கிலோமீட்டர். படகு அதிகாலைல எறங்கும், பஸ்ஸுக்குக் காசு, வந்துட்டுப் போறதுலயே சம்பாத்தியம் கரையுதுன்னு சொன்னார் ஒருத்தர், அவர் பகல் முழுக்க இங்கதான் இருக்கார், தூங்க மட்டும் அங்க. மிச்சம் இருக்குற கரைக்கு பெரிய கருங்கல் போட்டு செவுரு கட்டிருக்காங்க. அலை நிக்குது, ஆனா படகு ஏத்துற மணலும் அதுக்குக் கீழ போயிடுச்சுன்னு மீனவங்க கோவம்.

திட்டோட தெக்குல மீனவங்க கபர்ஸ்தான். மணல்ல ஒவ்வொரு கல்லறை மேலயும் மீன் வலை போத்தியிருக்கு, பச்சை, நீலம், சாயம் போன ஆரஞ்சு, ஆயிரக்கணக்குல. மணல் பறக்காம இருக்கன்னார் ஒருத்தர், நாய் தோண்டாம இருக்கன்னார் இன்னொருத்தர், கூட வந்த பையன் "மீனவன் வேற என்னத்தப் போத்திக்குவான்"னான். படம் எடுக்கக் கேட்டேன், வேணாம்னாங்க, எடுக்கல.

தீவுல இருக்குற ஒவ்வொரு பால்கனிக்கும் பலகை, பட்டியல், நிதி எல்லாம் இருக்கு. இங்க அலைய எண்ணி படகு ஏத்துற அந்தக் கைப்பழக்கத்துக்கு ஒரு பலகையும் கெடையாது. இதுவும் அதே ஊரோட பாரம்பரியம்தானேன்னு கைடுகிட்ட வாதம் பண்ணினேன், "டூரிஸ்ட் வாசனைக்கு வரமாட்டாங்க"ன்னான். நேரான பதில்.

ஞாயிறு

படகு எடுத்து தெக்க போனேன், திட்டு அறுந்த எடத்தப் பாக்க. 2003 அக்டோபர்ல ஆறு பெருகி ஊருக்குள்ள தண்ணி வந்துடும்போல இருந்துச்சு, அவசரத்துல ஊருக்குத் தெக்க ஏழு கிலோமீட்டர்ல மணல் திட்டுல நாலு மீட்டர் அகலத்துக்கு ஒரு வாய்க்கால் வெட்டினாங்க, ஆத்துத் தண்ணி சீக்கிரம் கடலுக்குப் போகட்டும்னு. வெள்ளம் வடிஞ்சுது. வாய்க்கால் நிக்கல. சில நாள்ல நூத்துக்கணக்கான மீட்டர், அப்புறம் கிலோமீட்டர் கணக்குல அகண்டு, அதுவே ஆத்து முகம் ஆயிடுச்சு, பழைய முகம் தூந்துபோச்சு. கடல் நேரா உள்ள வந்து தூன் பாபா ஜெய்ங்குற கிராமம் முழுகிடுச்சு. படகுக்காரர் எஞ்சின நிறுத்திட்டு ஒரு எடத்தக் காட்டினார், பட்டுப்போன மரம் ரெண்டு மூணு, ஒரு செவுரு. காந்தியோல் பக்கம் வெங்காயம் போட்ட தோட்டத்துக் கெணறெல்லாம் உப்பு. புது முகத்துல அலையும் ஆத்து ஓட்டமும் முட்டுற எடத்துல படகு கவுந்து மீனவங்க நெறையப் பேரு செத்துருக்காங்க, கெத் ந்தார்ல யாரக் கேட்டாலும் ஒரு பேரு சொல்வாங்க. ஊரக் காப்பாத்த வெட்டினதுதான், வேற வழி இருந்துச்சான்னு எஞ்சினியருங்களே இன்னும் சண்டை போட்டுக்கிட்டு இருக்காங்க.

படகுக்காரரோட தம்பி கேனரி தீவுக்குப் போயிட்டான், இதே மாதிரி பிரோக்லதான். போய்ச் சேந்துட்டான், இப்ப ஸ்பெயின்ல தக்காளித் தோட்டத்துல வேலை. அதே வாரம் கெளம்பின இன்னொரு படகப் பத்திச் சொல்ல ஆரம்பிச்சார், நடுவுலயே நிறுத்திட்டு அலையப் பாக்க ஆரம்பிச்சுட்டார், நானும் கேக்கல.

திரும்பும்போது இட்ரோபாஸ். கடல் விமானம் எறங்குன எடம், இப்ப ஹோட்டலுங்க. 1930 மே மாசம் மெர்மோஸ்ங்குற ஃபிரெஞ்சு விமானி இங்கேர்ந்துதான் தபால் மூட்டையோட கெளம்பி 21 மணி நேரத்துல பிரேசில் நத்தால் போய்ச் சேந்தான். தீவுல அவன் தங்கின ஹோட்டல் ரூம இன்னும் காட்டுறாங்க, நான் போகல, ரூம் வாடகையக் கேட்டுட்டு வெளிய வந்துட்டேன்.

திங்கள்

ஜூஜ் பறவைகள் சரணாலயம், வடகிழக்க அறுபது கிலோமீட்டர். 16,000 ஹெக்டேர், சகாராவத் தாண்டி வர்ற பறவைக்கு மொதல் நன்னீர். கூழைக்கடா கூட்டம் ஒரு தீவு முழுக்க, நாத்தம் தாங்கல, பூநாரை தூரத்துல கோடு மாதிரி. அதப் பத்தி எழுதறவங்க நெறைய இருக்காங்க, நான் போற வழில பாத்ததச் சொல்றேன்.

1986-ல ஆத்துக்குக் குறுக்க ஜாமா அணை கட்டினதும் கடல் உப்பு மேல ஏறுறது நின்னுடுச்சு. அதுக்கு முன்னாடி கோடையில உப்புத் தண்ணி ரொம்ப தூரம் உள்ள போகுமாம். இப்ப வருஷம் முழுக்க நல்ல தண்ணி, கூடவே சம்பங்கோரை வாய்க்கால அடைக்குது, கொசுவும் நத்தை மூலமா பரவுற நோயும் கூடிடுச்சு. ஆனா ரோஸ் பெத்தியோ தாண்டினதும் கண்ணுக்கெட்டின வரைக்கும் நெல்லு வயல், பாத்தி கட்டி, மோட்டார் போட்டு, இந்த முள்ளுக் காட்டுல. ஒரு ரைஸ் மில்லுல வண்டிய நிறுத்தச் சொன்னேன். உமி மேட்டுல கோழி மேயுது, மில்லுக்காரர் அரிசிய உள்ளங்கையில கொட்டி ஊதிக் காட்டினார், முழு அரிசி ஒரு மூட்டை, நொய் ஒரு மூட்டை. நொய்தான் மொதல்ல வித்துப் போகுதாம். இறக்குமதி அரிசி பழசு, காஞ்சது, சாறு நல்லா குடிக்கும், இது புது அரிசி, தண்ணி கொறச்சு வையுங்க, இல்லன்னா கூழாயிடும், டக்கார்ல பாதிப் பேரு அது தெரியாமத்தான் எங்க அரிசியத் திட்டுறாங்கன்னார். அஞ்சு கிலோ நொய் வாங்கினேன். வீட்டம்மாகிட்ட காட்டினதுக்கு, ரெண்டு அரிசிய வாயில போட்டு மென்னு பாத்துட்டு, பரவால்ல, ஆனா வெள்ளிக்கிழமைக்கு வேணாம், வேற நாளுக்கு வச்சுக்கோன்னாங்க.